வாசகர் தேர்வு விருது: ஓட்டு எங்கே விழுகிறது, எங்கே வீணாகிறது

அமெரிக்காவின் உள்ளூர்ப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் நடத்தும் 'ரீடர்ஸ் சாய்ஸ்' விருதைப் பற்றிக் கடை நடத்துபவர்களிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். "தரமாக வேலை செய்தால் தானாகக் கிடைக்கும்" என்பார்கள் சிலர். "விளம்பரம் கொடுப்பவருக்குத்தான் கிடைக்கும்" என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே சரியில்லை. யாரும் உங்கள் கடைக்கு வந்து ருசி பார்ப்பதில்லை, நீங்கள் போட்ட கூரை ஒழுகுகிறதா என்று ஏறிப் பார்ப்பதும் இல்லை. ஒழுங்காக நடத்தும் பத்திரிகையில் காசு கொடுத்து எண்ணிக்கையை மாற்றவும் முடியாது. உங்களைப் பிடித்தவர்களில் எத்தனை பேர், குறித்த நாட்களுக்குள், சரியான பெயருக்கு, சரியான பிரிவில், செல்லுபடியாகும் ஓட்டைப் போட்டார்கள் என்பதுதான் அங்கே எண்ணப்படுகிறது. நல்ல கடைகள் தோற்பது பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்று தவறுவதால்தான்.

முதலில் ஒரு வேறுபாடு. 'பெஸ்ட் ஆஃப்' என்ற பெயரில் வருவதெல்லாம் வாசகர் ஓட்டு அல்ல. பாஸ்டன் மாத இதழ் 1974 முதல் வெளியிட்டு வரும் 'பெஸ்ட் ஆஃப் பாஸ்டன்' பட்டியல் முதன்மையாக ஆசிரியர் குழுவின் தேர்வு. சில இதழ்கள் ஆசிரியர் தேர்வையும் வாசகர் தேர்வையும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக அச்சிடும். ஆசிரியர் தேர்வில் உங்களால் செய்யக்கூடியது அதிகமில்லை. இங்கே பேசுவது வாசகர் ஓட்டைப் பற்றி மட்டும்.

இதை நடத்துவது பெரும்பாலும் செய்திப் பிரிவு அல்ல, விளம்பரப் பிரிவு. உள்ளூர்ப் பத்திரிகைக்கு இது ஆண்டின் முக்கியமான வருமானங்களில் ஒன்று. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த வருமானத்தில்தான் நகரசபைக் கூட்டத்துக்குச் செய்தியாளர் போகிறார். ஆனால் பணம் எந்த வழியில் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுச்சீட்டுப் பக்கத்தில் உங்கள் பெயரோடு படம், தொலைபேசி எண், இணைப்பு சேர்க்கும் கட்டணப் பதிவு. "எங்களுக்கு ஓட்டுப் போடுங்கள்" விளம்பரம். ஒரு பிரிவுத் தொகுப்புக்கே ஸ்பான்சர். வெற்றியாளர் சிறப்பிதழில் நன்றி விளம்பரம். கேடயம், பேனர், விருந்து நுழைவுச்சீட்டு. இன்னொரு வழி கண்ணில் படாது. ஓட்டுப் போட வருபவரின் இமெயில் முகவரி பத்திரிகையின் பட்டியலில் சேர்கிறது. "அடுத்த 12 மாதங்களில் வீட்டு ஜன்னல்களை மாற்ற நினைக்கிறீர்களா?" என்பது போன்ற கேள்வியும் படிவத்தில் இருந்தால், அந்தப் பதில்கள் ஜன்னல் வியாபாரிக்கு வாடிக்கையாளர் தகவலாகப் போகக்கூடும்.

பிரிவுகள் ஏன் அத்தனை என்பதற்கும் இதுதான் விடை. 200 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வைத்தால் 600 பேர் 'வென்றவர்கள்'. 600 பேரிடமும் சிறப்பிதழ் விளம்பரம் கேட்கலாம். மூன்றே பேர் போட்டியிட்ட பிரிவில் மூன்று பேருக்கும் விருது கிடைத்துவிடும். என் கருத்தில் இது விருதின் மதிப்பைக் கரைக்கிறது. குறைந்தது இத்தனை பரிந்துரைகள் வராத பிரிவை நீக்கிவிடுவோம் என்று விதி வைத்திருக்கும் பத்திரிகையை நம்பிப் போட்டியிடலாம்.

பொதுவான நடைமுறை இரண்டு சுற்று. முதலில் பரிந்துரைச் சுற்று, ஒன்று முதல் மூன்று வாரம். அதன்பின் பத்திரிகை ஊழியர்கள் பெயர்களைச் சுத்தம் செய்ய ஓரிரு வாரம். பிறகு ஓட்டுச் சுற்று, இரண்டு முதல் நான்கு வாரம். எண்ணி, சரிபார்த்து, வெற்றியாளர்களுக்குத் தனியாகச் சொல்லி, சிறப்பிதழுக்கு விளம்பரம் திரட்டி, கடைசியில்தான் அறிவிப்பு. ஒரே சுற்றில், அச்சடித்த சீட்டில் வாசகரே பெயர் எழுதும் பழைய முறையும் உண்டு. நகலெடுத்த சீட்டு செல்லாது, குறைந்தது 20 அல்லது 25 பிரிவுகளை நிரப்ப வேண்டும் என்பவை அதன் வழக்கமான விதிகள். கட்டுக்கட்டாகச் சீட்டு வாங்கி ஒரே கடைக்கு நிரப்புவதைத் தடுக்க வந்த விதிகள் இவை. அவற்றுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: உங்களுக்காகச் சீட்டை எடுத்தவர் மற்ற 24 இடங்களில் மனதில் முதலில் தோன்றும் பெயரை எழுதுவார். அது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த பழைய பெயராகவோ, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் சங்கிலிக் கடையாகவோ இருக்கும். ஆண்டுதோறும் அதே பெயர்கள் வெல்வதற்கு இது ஒரு காரணம்.

நிறையப் பேர் கோட்டை விடுவது பரிந்துரைச் சுற்றில்தான். ஓட்டு தொடங்கியதும் விழித்துக்கொள்கிறார்கள். அதற்குள் இறுதிப் பட்டியல் மூடியிருக்கும். விதியில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். ஒரே ஒரு பரிந்துரை வந்தாலும் பட்டியலில் சேர்ப்பார்களா, அல்லது அதிகப் பரிந்துரை பெற்ற முதல் ஐந்து பேர் மட்டுமா? முதல் வகை என்றால் நீங்களே ஒருமுறை பெயரைப் பதிந்துவிட்டால் போதும். இரண்டாம் வகை என்றால் அந்தச் சுற்றே பாதித் தேர்தல்.

அடுத்தது பெயர். ஒருவர் கடையின் பதிவுப் பெயரை எழுதுவார், ஒருவர் பலகையில் உள்ள சுருக்கத்தை, மூன்றாமவர் உரிமையாளர் பெயரை, நான்காமவர் பிழையோடு. இவை நான்கும் நான்கு போட்டியாளர்களாக விழும். பத்திரிகையில் ஒருவர் உட்கார்ந்து இவற்றை ஒன்றுசேர்க்கிறார். ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்ப்பவருக்கு உங்கள் கடையின் செல்லப்பெயர் தெரிந்திருக்காது. ஆகவே பரிந்துரை தொடங்கிய முதல் நாளே சரியான பெயர், முகவரி, இணையதளத்தோடு நீங்களே பதிந்துவிடுங்கள். பல தளங்களில் ஏற்கெனவே பதிந்த பெயர் தட்டச்சு செய்யும்போதே கீழே தோன்றும்; பின்னால் வருபவர்கள் அதையே தேர்ந்தெடுப்பார்கள். கிளைகள் இருந்தால் எல்லாம் ஒன்றா, கிளைக்கு ஒன்றா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிவைத் தேர்ந்தெடுப்பதிலும் ஆசை கூடாது. பேக்கரி, கேக், காலை உணவு, காபி என்று நான்கிலும் நின்றால் வாடிக்கையாளர் ஒன்றில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஓட்டு நான்காகச் சிதறும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிரிவு. அதிலும் பெரிய சங்கிலிக் கடைகளை அனுமதிக்கும் காபி போன்ற பிரிவைவிட, உங்கள் வேலையைக் குறுகலாகச் சொல்லும் பிரிவே நல்லது.

ஓட்டுச் சுற்றின் எண்ணிக்கை விதி வியூகத்தையே மாற்றிவிடும். ஒரு இமெயிலுக்குப் பிரிவுக்கு ஒரே ஓட்டு என்றால் ஆள் பலம் வெல்லும். நாளுக்கு ஒரு ஓட்டு என்றால் விடாமுயற்சி வெல்லும். 21 நாள் ஓட்டில் தினமும் தவறாமல் போடும் 40 பேர் 840 ஓட்டு தருவார்கள். ஒருமுறை மட்டும் போடும் 600 பேர் 600தான். பத்திரிகைக்குத் தினசரி விதி பிடிக்கும், ஏனென்றால் வாசகர் தினமும் தளத்துக்கு வருகிறார். ஊரின் விருப்பத்தை அளக்க வேண்டுமென்றால் ஒருவருக்கு ஒரு ஓட்டுத்தான் நேர்மையான முறை. ஆனாலும் விதி எதுவோ அதற்கேற்பத்தான் கடைக்காரர் திட்டமிட வேண்டும்: முதல் வகையில் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் செய்தி அனுப்புங்கள், இரண்டாம் வகையில் ஊழியர், அவர்கள் குடும்பம், நெருங்கிய வாடிக்கையாளர் என்று ஒரு சிறு குழுவுக்குத் தினமும் நினைவூட்டுங்கள்.

போட்ட ஓட்டு எண்ணப்படாமல் போவது எப்படி? பல பத்திரிகைகள் செகண்ட் ஸ்ட்ரீட் போன்ற போட்டி மென்பொருளை வாடகைக்கு எடுத்து நடத்துகின்றன. இமெயிலை உறுதிசெய்யும் முறை இயக்கப்பட்டிருந்தால், வாடிக்கையாளரின் பெட்டிக்கு ஓர் இணைப்பு வரும். அது ஸ்பேமில் போய் விழும். அவர் ஓட்டுப் போட்டுவிட்டதாக நினைப்பார். கணக்கில் ஓட்டு இருக்காது. உங்கள் செய்தியிலேயே "உறுதிசெய்யும் மெயில் வரும், ஸ்பேமிலும் பாருங்கள்" என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். இரண்டாவது இழப்பு இணைப்பில் நடக்கிறது. பத்திரிகையின் முகப்புக்கு அனுப்பினால் 200 பிரிவுகளில் உங்களைத் தேடி வருபவர் குறைவு. உங்கள் பிரிவையே நேராகத் திறக்கும் இணைப்பை நகலெடுத்து, அதை கியூஆர் கோடாக மாற்றி ரசீதின் அடியில் அச்சிடுங்கள்.

கல்லாவில் ஒரு டேப்லெட்டை வைத்து வருகிறவர்களை அங்கேயே ஓட்டுப் போடச் சொல்வது நல்ல யோசனை போலத் தெரியும். செய்யாதீர்கள். நூற்றுக்கணக்கான ஓட்டுகள் ஒரே கருவியிலிருந்து, ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) வந்தால் சரிபார்ப்பவர் கண்ணில் அது கள்ள ஓட்டுத்தான். ஒரே ஐபி மட்டுமே குற்றம் ஆகாது. ஒரு மருத்துவமனையின் வைஃபையில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் அதோடு சில நொடி இடைவெளியில் வரிசையாக ஓட்டு, ஒரே ஒரு பிரிவில் மட்டும் ஓட்டு, தற்காலிக இமெயில் தளங்களின் முகவரிகள், ஒரே ஜிமெயில் முகவரியில் புள்ளியையும் கூட்டல் குறியையும் மாற்றிப் போட்ட வடிவங்கள் (எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் போகும்) சேர்ந்தால் மொத்தமாகக் கழித்துவிடுவார்கள். சில விதிகளில் போட்டியிலிருந்தே நீக்கலாம் என்று இருக்கும். ஊழியர் ஒருவர் ஆர்வத்தில் செய்தாலும் விளைவு கடைக்குத்தான்.

"ஓட்டுப் போட்டதைக் காட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி" என்பதையும் பல பத்திரிகைகளின் விதி தடை செய்கிறது. கேட்கலாம், விலை பேசக் கூடாது. பத்திரிகையே ஓட்டுப் போடுபவர்களுக்குக் குலுக்கல் பரிசு வைப்பது வேறு விஷயம். அதில் எதையும் வாங்காமலே பங்கேற்க வழி இருக்க வேண்டும். பரிசின் மொத்த மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால் நியூயார்க், ஃபுளோரிடா மாநிலங்களில் முன்கூட்டியே பதிவும் பிணையும் தேவைப்படும். பரிசுகள் பெரும்பாலும் சில நூறு டாலர் பரிசு அட்டையாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்தி அனுப்ப மூன்று நேரங்கள் போதும்: திறந்த அன்று, நடுவில் ஒருமுறை, மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு. மூடும் நேரத்தைக் குறிப்பிடுங்கள். நள்ளிரவு என்று நினைத்திருக்க மாலை 5 மணிக்கே மூடும் ஓட்டுகளும் உண்டு. கட்டணப் பதிவு வாங்கலாமா என்றால், பட்டியல் எந்த வரிசையில் வருகிறது என்று முதலில் கேளுங்கள். அகர வரிசை என்றால் படம் சேர்ப்பதால் கொஞ்சம் கண்ணில் படுவீர்கள், அவ்வளவுதான். காசு கொடுத்தவர் மேலே வருவார் என்றால் அது ஓட்டைப் பாதிக்கும் சலுகை. விதியில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

விருது யாருக்கு அதிகம் உதவும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. குழாய் சரிசெய்பவர், கூரை போடுபவர், வீடு மாறும்போது சாமான்களை ஏற்றிச் செல்பவர் என்று பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் தொழில்களுக்குத்தான். அங்கே வாடிக்கையாளருக்குச் சொந்த அனுபவம் இல்லை, ஊரார் சொல்லை நம்ப வேண்டியிருக்கிறது. உணவகத்துக்கு ஒரு தட்டு உணவே சாட்சி.

வென்றபின் விருதின் சின்னத்தைப் பயன்படுத்தும் விதியைப் படியுங்கள். சில பத்திரிகைகள் இலவசமாகத் தரும், சில உரிமக் கட்டணம் கேட்கும். பத்திரிகையின் பெயரும் ஆண்டும் பிரிவும் சேர்த்தே சொல்லுங்கள். இறுதிப் பட்டியலில் மட்டும் வந்துவிட்டு 'வெற்றியாளர்' என்று போட்டுக்கொள்வது ஏமாற்று விளம்பரம். ஏமாற்று விளம்பரங்களைத் தடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் பொது விதி இதற்கும் பொருந்தும்.

அறிவிப்பு வந்த சில நாட்களில் கேடயம் விற்கும் நிறுவனங்களிலிருந்து அழைப்பு வரும். உங்கள் வெற்றி உண்மை, ஆனால் அழைப்பவருக்கும் பத்திரிகைக்கும் சம்பந்தம் இருக்காது. பத்திரிகையின் விளம்பரப் பிரிவைக் கேட்காமல் அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள். நீங்கள் போட்டியிடாத விருதுக்கு "தேர்வாகியிருக்கிறீர்கள்" என்று இமெயில் வருவது இதைவிட மோசம். அப்படி வந்தால் ஓட்டு நடந்த தேதி, விதிப் பக்கம், கடந்த ஆண்டு வெற்றியாளர் பட்டியல் மூன்றையும் கேளுங்கள். இவற்றைத் தராமல் கேடயத்தின் விலையை மட்டும் சொன்னால் அந்த மெயிலை நீக்கிவிடலாம்.