மூவாயிரம் பவுண்டுக்குள் ஒரு திறந்த கார்

இங்கிலாந்தில் கூரை மடங்கும் காரை வாங்குவதற்கு நவம்பரைப் போல நல்ல மாதம் இல்லை. ஏப்ரலில் முதல் வெயில் எட்டிப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்த ஆசை வந்துவிடும். விலை ஏறும், விற்பவரும் பேரத்துக்கு இறங்கமாட்டார். நவம்பரிலோ, வாசலில் நனைந்துகொண்டிருக்கும் வண்டியை யாராவது எடுத்துப்போனால் போதும் என்று நினைப்பார்கள். விலையைவிட முக்கியமான காரணம் மழை. கூரை ஒழுகுமா, தரைவிரிப்பு ஈரமாகுமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து மூக்கை உள்ளே நீட்டினாலே தெரிந்துவிடும்.

பள்ளிக்கும் கடைக்கும் போய்வர வீட்டில் வேறு கார் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் லண்டனை விட்டு வெளியேறி, சஸ்ஸெக்ஸ், ஹாம்ப்ஷயர் பக்கத்துக் கிராமச் சாலைகளில் கூரையைத் திறந்துவிட்டு ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்பது என் நீண்ட நாள் விருப்பம். வண்டிக்கு 3,000 பவுண்டு, வாங்கியபின் வரும் வேலைகளுக்கு 600 பவுண்டு தனியாக என்று மனைவியும் நானும் பேசி முடிவெடுத்தோம். அந்த 600-ஐ எந்தக் காரணத்துக்காகவும் வண்டியின் விலையோடு சேர்ப்பதில்லை என்பது அவர் போட்ட நிபந்தனை. பழைய கார் வாங்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்தத் தொகைக்குள் கிடைக்கும் திறந்த கார்களில் நான் அதிகம் யோசிக்காமல் மாஸ்டா எம்எக்ஸ்-5 பக்கம் போனேன். டொயோட்டா எம்ஆர்2 ஓட்டுவதற்கு அருமையான வண்டி; ஆனால் இன்ஜின் பின்னால் இருப்பதால் ஒரு பையை வைக்கக்கூட ஒழுங்கான இடம் கிடையாது. எம்ஜி டிஎஃப் மலிவுதான். அதன் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) பற்றிய கவலையோடு நெடுந்தூரம் போக எனக்கு மனமில்லை. எம்எக்ஸ்-5 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. பழைய பிரிட்டிஷ் இரண்டு இருக்கைக் கார்களின் இன்பத்தை, அவற்றின் எண்ணெய்க் கசிவும் மின்கோளாறும் இல்லாமல் தர வேண்டும் என்பதுதான் அதன் பின்னிருந்த எண்ணம். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இவ்வளவு வண்டிகள் ஓடுவதால் உதிரி பாகம் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. எந்த வண்டியில் எங்கே நோய் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

எந்தத் தலைமுறை வண்டி என்பதை எனக்காக லண்டன் நகரமே தீர்மானித்தது. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் என்னும் மாசுக் கட்டண வலயம் லண்டனின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்துவிட்டது. தகுதியில்லாத காரை வெளியே எடுத்தால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை. பெட்ரோல் வண்டி யூரோ 4 என்னும் புகைத் தரத்துக்கு இருக்க வேண்டும். 2006 முதல் பதிவானவை பொதுவாகத் தேறிவிடும். விளக்குகள் எழுந்து நிற்கும் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 மீது எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், வார இறுதி தோறும் 25 பவுண்டு தண்டம் கட்டி ஓட்ட முடியாது. ஆகவே 2005-இல் வந்த மூன்றாம் தலைமுறை. பதிவு எண்ணைப் போட்டால் தகுதி உண்டா இல்லையா என்று லண்டன் போக்குவரத்துத் துறையின் தளம் உடனே சொல்லிவிடும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

அடுத்தது துரு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தென் லண்டனில் பட்டறை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம்தான் எங்கள் வீட்டுக் கார் போகும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, இன்ஜின் போனால் வேறு இன்ஜின் வாங்கிப் போடலாம். சாசி, அதாவது வண்டியின் உடற்கூடு, போனால் என்ன செய்வீர்கள்?”

குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க இங்கே சாலையெங்கும் பாறை உப்பு தூவுகிறார்கள். செஷயரில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து மலை மலையாக வரும் அந்த உப்பு ஈரத்தோடு சேர்ந்து காரின் அடிவயிற்றைத் தின்கிறது. இது எல்லாக் கார்களுக்கும் பொது. திறந்த காருக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் சேர்ந்து, இரு பக்கமும் உள்ள வடிகால் குழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலையும் மண்ணும் அந்தத் துளையை அடைத்துவிடும். போக வழியில்லாத நீர் காருக்குள் புகும், தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும். கதவுக்குக் கீழே ஓடும் சில் என்னும் பெட்டிச் சட்டத்துக்குள் ஈரம் நின்றால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரிகிற நேரத்தில் உள்ளே தகடு பாதி போயிருக்கும். கூரையில்லாத காரில் வண்டியின் விறைப்பைத் தாங்குவதில் அந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் ‘இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடும்’ என்ற விளம்பர வரி என்னை அசைக்கவில்லை. இந்த வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜினுக்கு முன்னால் உடல்தான் சாகும்.

விற்பவரின் வாயைவிட நம்பகமான சாட்சி ஒன்று இந்த நாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று வயதைத் தாண்டிய கார்கள் பொதுவாக ஆண்டுதோறும் எம்ஓடி என்னும் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். ஒவ்வொரு சோதனையின் முடிவும், அன்று மீட்டர் காட்டிய மைலும், ‘இப்போதைக்குப் பரவாயில்லை, கவனியுங்கள்’ என்று சோதகர் எழுதிய குறிப்புகளும் அரசுத் தளத்தில் இருக்கின்றன. பதிவு எண் மட்டும் போதும். நான் இதை மருத்துவக் குறிப்பேட்டைப் போல ஆரம்பத்திலிருந்து படிப்பேன். மைல் எண்ணிக்கை சீராக ஏறுகிறதா? நடுவில் இரண்டு ஆண்டு சோதனையே இல்லையென்றால் வண்டி எங்கே நின்றது? எல்லாவற்றையும்விட, துரு பற்றிய குறிப்பு வந்த பிறகு அதற்கு என்ன நடந்தது?

நான் ஆசையோடு பார்க்கப் போன ஒரு வெள்ளி நிற வண்டியின் வரலாற்றில் ‘பின்புறச் சில்லில் துரு’ என்ற குறிப்பு அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து, பிறகு திடீரென்று மறைந்திருந்தது. வெல்டிங் செய்ததற்கு ரசீது இல்லை. நேரில் போய்க் குனிந்து பார்த்தால், அடிப்பாகம் முழுவதும் பளபளவென்று புதிய கறுப்பு அடிப்பூச்சு. நல்ல தகட்டின்மேல் அடித்த பூச்சு காவல். துருவின்மேல் அடித்தால் அது வெறும் போர்வை. சட்டைப்பையில் வைத்திருந்த சிறு காந்தத்தைச் சில்லின் நீளத்துக்கு நகர்த்திக்கொண்டே போனேன். முன்பக்கம் விரலை இழுக்கும்படி ஒட்டிய காந்தம், பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் பிடிப்பை விட்டுக் கையோடு வந்துவிட்டது. அங்கே இரும்பு இல்லை. டிங்கரிங் கடைக்காரர்கள் பூசும் பட்டிதான் இருந்தது. பக்கத்துப் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்க்கலாமா, செலவு என்னுடையது என்று கேட்டேன். விற்பவர் நேரமில்லை என்றார். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காந்தத்தோடு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் முன்மூடியும் டிக்கி மூடியும் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாது, பதற வேண்டாம்.

கடைசியில் எனக்கு அமைந்தது ஹாம்ப்ஷயரில், பீட்டர்ஸ்ஃபீல்டுக்கு அருகே. 2007-இல் பதிவான 2.0 லிட்டர் வண்டி, ஆறு கியர், செம்பு நிறம், 87,000 மைல் ஓடியது, கேட்ட விலை 3,200. விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். “ஓட்டுவதில் சிரமமில்லை. உள்ளே இறங்கி உட்காரவும் எழுந்திருக்கவும்தான் முழங்கால் விடுவதில்லை” என்றார். ரசீதுகளை ஆண்டுவாரியாகக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். நான் முதலில் டயர்களைப் பார்த்தேன். நான்கும் ஒரே நிறுவனத்தின் நல்ல டயர்கள். யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் பணம் செலவழிப்பவர் மற்ற இடங்களிலும் அப்படித்தான் இருப்பார் என்பது என் கணிப்பு.

இன்ஜினைச் சூடாக்காமல் வைத்திருங்கள் என்று முதல்நாளே கேட்டுக்கொண்டிருந்தேன். குளிர்ந்த இன்ஜின் எதையும் மறைக்காது. எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். எண்ணெய் மேல்கோட்டை ஒட்டியிருந்தது. இந்தத் தலைமுறையில் சில வண்டிகள், குறிப்பாக 1.8 லிட்டர், எண்ணெய் குடிக்கும். உரிமையாளர் கவனிக்காமல் குறையவிட்டிருந்தால் அங்கே பேச்சை முடித்துக்கொள்ளலாம். இன்ஜினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் பற்றிய கவலை இதில் இல்லை. முந்தைய தலைமுறைகளின் பெல்ட்டுக்குப் பதில் இதில் செயின்.

பிறகு கூரை. நடுவில் உள்ள ஒரே பிடியை விடுவித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்னால் தள்ளினால் மடிந்து அமர்ந்துகொள்கிறது. மின்மோட்டார் எதுவும் கிடையாது, பழுதாகவும் எதுவும் இல்லை. மலிவு காருக்கு இதைவிடச் சிறந்த கூரை இருக்க முடியாது என்பேன். துணியின் மடிப்புகளில் விரலை ஓட்டித் தேய்ந்த இடம் உண்டா என்று பார்த்தேன். கையோடு கொண்டுபோன தண்ணீர்ப் புட்டியை எடுத்து, அவரிடம் அனுமதி கேட்டு, இருக்கைக்குப் பின்னால் இடப்பக்க வடிகாலில் மெல்ல ஊற்றினேன். காருக்கடியில் தலையைச் சாய்த்துப் பார்த்தால், பின்சக்கரத்துக்கு முன்னால் தண்ணீர் கம்பியாக இறங்கித் தரையில் ஓடியது. வலப்பக்கம் ஊற்றினேன். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அவர் உள்ளே போய் மெல்லிய நைலான் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பதமாக விட்டு ஆட்டியதும் கறுப்புச் சேறும் ஓர் இலைக்காம்பும் வந்தன. அதன்பின் அந்தப் பக்கமும் ஓடியது. இருக்கைகளுக்குப் பின்னால் விரிப்பைத் தூக்கித் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

ஓட்டிப் பார்க்கப் போகும்முன் ஒரு மணிநேரக் காப்பீட்டைத் தொலைபேசியிலேயே எடுத்துக்கொண்டேன். ‘என் காப்பீடு உங்களையும் காக்கும்’ என்று விற்பவர் சொல்வதை நம்பி ஏறக்கூடாது. இரண்டாவது கியர் குளிரில் சற்று முரண்டு பிடித்தது, சூடானதும் சரியாயிற்று. காலியான நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துப் பிரேக் மிதித்தேன். வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் உள்ளங்கையைக் காட்டினேன். இடது முன்சக்கரத்திலிருந்து மட்டும் அனல் அடித்தது. பிரேக் கட்டைகளை அழுத்தும் காலிப்பரின் நகர்முள் இறுகியிருக்கிறது. இந்த வண்டிகளுக்குப் பழக்கமான நோய், பெரிய செலவில்லை.

விற்பவர் வழக்கமாகப் போகும் பட்டறையைத் தவிர்த்து, வேறொரு எம்ஓடி நிலையத்தில் 40 பவுண்டு கொடுத்து வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். எடுத்த படங்களை லண்டன் அண்ணனுக்கு அனுப்பினேன். பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சப்ஃபிரேம் சட்டத்தில் மேல்துரு; சில் இரண்டும் கெட்டி. “கம்பி பிரஷ்ஷில் தேய்த்தால் போகிற துருதான். காலிப்பரைச் சொல்லி விலையைக் குறையுங்கள்” என்று பதில் வந்தது. காலிப்பர், இரண்டு மாதத்தில் முடியவிருந்த எம்ஓடி இரண்டையும் சொல்லி 2,600 கேட்டேன். அவர் 2,900 என்றார். 2,750-இல் கைகுலுக்கினோம்.

காகித வேலையை எழுத அதிகம் இல்லை, ஆனால் வரிசை மாறக்கூடாது. கடன் பாக்கியோ, விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் தேறாது என்று கழித்துவிட்ட வரலாறோ உண்டா என்று பணம் கட்டிச் சரிபார்க்க வேண்டும். வி5சி பதிவுச் சான்றில் இருக்கும் சாசி எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அந்தச் சான்று யார் பொறுப்பில் வண்டி இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்பதை அல்ல. அது சான்றிலேயே அச்சாகியிருக்கிறது. பணத்தை வங்கி வழியாக அங்கேயே நின்று அனுப்பினேன். அவர் வண்டிப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் டிவிஎல்ஏ என்னும் அரசு அமைப்பின் தளத்தில் விற்பனையைப் பதிந்து, புதிய பொறுப்பாளருக்கான துண்டைக் கிழித்துக் கொடுத்தார். 2014 அக்டோபரிலிருந்து சாலை வரி வண்டியோடு கைமாறுவதில்லை. அதனால் முதலில் காப்பீடு; பிறகு அந்தத் துண்டிலுள்ள 12 இலக்க எண்ணைக் கொண்டு வரி; அதன் பிறகுதான் சாவி. காப்பீட்டில் ஆண்டுக்கு ஓட்டப்போகும் மைல் குறைவுதான் என்று உண்மையைச் சொன்னது தொகையைக் கணிசமாக இறக்கியது.

வீட்டுக்கு வர மோட்டார்வேயைத் தவிர்த்து, மிட்ஹர்ஸ்ட், பெட்வொர்த் வழியாகப் போகும் ஏ272 சாலையைப் பிடித்தேன். மழை விட்டிருந்தது. கூரையைத் திறந்து, கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைக் காலுக்குத் திருப்பிவிட்டால் நவம்பர்க் குளிர் தோளுக்குக் கீழே வருவதில்லை. வேலிகளுக்கு அப்பாலிருந்து ஈர மண் வாசனையும் விறகுப்புகையும் வந்தன. முப்பது நாற்பது மைல் வேகத்திலேயே ஒவ்வொரு வளைவும் கையில் தெரிகிறது. சாலை விதிக்குள் இருந்துகொண்டே இவ்வளவு மகிழ்ச்சி தரும் வண்டியை நான் இதுவரை ஓட்டியதில்லை.

அண்ணனின் பட்டறையில் காலிப்பர் நகர்முட்கள், பிரேக் திரவம், எண்ணெய் எல்லாம் சேர்த்து 210 பவுண்டு ஆயிற்று. எம்ஓடி தேறிவிட்டது. மீதிப் பணத்தில் கோடையில், வண்டி நன்றாகக் காய்ந்திருக்கும்போது, சப்ஃபிரேமைத் தேய்த்துப் பூச்சடித்து, இரண்டு சில்லுக்குள்ளும் மெழுகு தெளிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த உப்பு விழுவதற்குள் அது முடிந்துவிட வேண்டும்.