பின்கதவில் 39 கிலோ: பெரிய ஸ்டெப்னியை மாட்டிப் பார்த்த அனுபவம்

வண்டியின் நான்கு டயரையும் 255/65 ஆர்18 (255 மி.மீ. அகலம், 18 இன்ச் ரிம்) அளவிலிருந்து 285/65 ஆர்18க்கு மாற்றியாயிற்று. மிச்சம் ஸ்டெப்னி. அவசரத்துக்குத்தானே, பழைய டயரே பின்னால் தொங்கட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு அது ஒத்துவராது. பழைய டயரின் விட்டம் 789 மி.மீ., புதியது 828. இரண்டையும் ஒரே ஆக்சிலில் மாட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் சின்ன டயர் 12 செ.மீ. குறைவாக ஓடும். இரண்டு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலுக்கு நேர் சாலையில்கூட ஓய்வு இருக்காது. அந்த டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடும் லாக்கரோ, ஃபோர் வீலோ போட்டுவிட்டால் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்துகொண்டேதான் வரும். பஞ்சர் ஆவதோ பெரும்பாலும் ஃபோர் வீல் தேவைப்படும் இடத்தில். அதனால் ஐந்தாவதும் அதே அளவுதான் என்று முடிவு செய்தேன்.

உடல் எடை பார்க்கும் மெஷினில் ஒரு பலகையைப் போட்டு, ரிம்மோடு சேர்த்து இரண்டையும் நிறுத்தேன். பழையது 29 கிலோ, புதியது 39. பத்து கிலோதானே என்று தோன்றும். ஆனால் அது எங்கே தொங்குகிறது என்பதுதான் கேள்வி. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதும் கையை நீட்டிப் பிடிப்பதும் ஒன்றாகுமா? என் வண்டியில் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். கீல் வரிசையிலிருந்து ஸ்டெப்னியின் நடுப்புள்ளி 70 செ.மீ. தள்ளியிருக்கிறது, மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 35 செ.மீ. அப்படியென்றால் கதவு திறந்திருக்கும்போது மேல் கீலை வெளியே இழுக்கும் விசை டயர் எடையைப் போல இரண்டு மடங்கு. முன்பு 58 கிலோ, இப்போது 78. வண்டி சும்மா நிற்கும்போதே இவ்வளவு.

பின் ஆக்சிலுக்கும் இதே கணக்கு பொருந்தும். வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி, 245 செ.மீ., ஸ்டெப்னி தொங்குவது பின் ஆக்சிலுக்கு 98 செ.மீ. பின்னால். கூடுதல் 10 கிலோ அங்கே 14 கிலோவாக இறங்கும். முன் ஆக்சிலில் 4 கிலோ குறையும். இதைச் சரிக்கட்ட எளிய வழி இருந்தது: ஜாக்கி, டூல் பாக்ஸ், இழுவைக் கயிறு எல்லாவற்றையும் பின்சீட்டுக்கு அருகே, ஆக்சிலுக்கு முன்னால் நகர்த்திவிட்டேன்.

டயர் வாங்கும் முன்பே 83 செ.மீ. விட்டத்தில் அட்டையை வட்டமாக வெட்டி, பழைய ஸ்டெப்னி இருந்த இடத்தில் கட்டிப் பார்த்தேன். யாராக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பம்பரில் இடிக்குமா, கண்ணாடியை எவ்வளவு மறைக்கும், பிரேக் லைட் தெரியுமா என்பதெல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிடும். அட்டையின் கீழ் விளிம்பு பம்பரைத் தொட்டது. ஸ்டெப்னி தாங்கியை 25 மி.மீ. மேலே ஏற்ற வேண்டும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

அட்டை காட்டாதது தடிமன். டயர் 30 மி.மீ. அகலம் கூடியதால் கதவுப் பக்கம் 15 மி.மீ. உள்ளே வருகிறது. தாங்கிக்கும் ரிம்முக்கும் நடுவே இரும்புத் தகடு வைக்கலாம். ஆனால் தகடு தடிமனாகும் அளவுக்கு நட்டுக்குக் கிடைக்கும் மரை குறையும். 12 மி.மீ. ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரைக்கம்பியில்) குறைந்தது 12 மி.மீ. நீளத்துக்காவது நட்டு பிடிக்க வேண்டும். மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் எட்டு முழுச் சுற்று. கையால் சுற்றி எண்ணினேன்; 10 மி.மீ. தகடு வைத்தபோது ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மீதி 5 மி.மீ.க்கு, கதவில் இருக்கும் ரப்பர் தாங்குகட்டைகளைச் சீவினேன்.

இந்த ரப்பர் கட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிய ஸ்டெப்னி போட்டவர்கள் கீலைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை கதவுத் தகட்டைக் கெடுப்பது எடையைவிட ஆட்டம்தான். டயர் ரப்பர் கட்டைகளில் அழுந்தி உட்கார்ந்திருந்தால் கதவும் டயரும் ஒரே பொருளாக அசையும். ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு குலுக்கலிலும் டயர் தனியாகத் தலையாட்டும். அந்த உதறல் முழுவதும் தாங்கியின் போல்ட் துளைகளையும் அருகிலிருக்கும் ஸ்பாட் வெல்டுகளையும்தான் (தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டிய பற்றுகளை) தாக்கும். நாளாக ஆக அங்கே விரிசல் விடும்.

கைப்பேசியைப் பின்கண்ணாடியின் உட்புறம் ஒட்டி, வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த மண்சாலையில் ஸ்லோமோஷனில் படம் எடுத்தேன். டயரின் மேல் விளிம்பு ஆடுவது தெளிவாகத் தெரிந்தது. கீழே அசைவே இல்லை. தாங்கியை ஏற்றியதால் மேல் கட்டைகள் டயரின் சரிவில் போய் உட்கார்ந்திருந்தன, அழுத்தம் போதவில்லை. கட்டைகளுக்கு அடியில் மெல்லிய வாஷர்களாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். சோதனைக்கு ஒரு காகிதத் துண்டு போதும்: கட்டைக்கும் டயருக்கும் நடுவே செருகி, நட்டுகளை முறுக்கிவிட்டு இழுக்க வேண்டும். உருவிக்கொண்டு வந்தால் இன்னும் பற்றவில்லை. கிழிந்தால் சரி. நான்கு கட்டையிலும் காகிதம் கிழிந்த பிறகு அதே சாலையில் மறுபடி எடுத்த படத்தில் டயர் கதவோடு சேர்ந்துதான் அசைந்தது.

ஸ்டெப்னியில் காற்று குறைந்தால் பக்கச் சுவர் தளர்ந்து இந்த அழுத்தமும் போய்விடும். அதனால் சாலைக்கான அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது காற்றை இறக்குவது சுலபம். காட்டுக்குள் ஏற்றுவதுதான் பாடு.

கீலுக்கு வருவோம். கதவு எவ்வளவு தொங்குகிறது என்று பார்க்க, பூட்டு விழும் இடத்தில் டேப் ஒட்டிக் கோடு போட்டு வைத்திருந்தேன். பழைய கீலோடேயே சில காலம் ஓட்டி, கோட்டை அவ்வப்போது ஒப்பிட்டேன். மெல்ல மெல்ல 3 மி.மீ. இறங்கியது. கதவைச் சற்றுத் தூக்கிச் சாத்தினால்தான் பூட்டு விழும் என்ற நிலை. அதற்கப்புறம்தான் தாங்கியையும் கீலையும் ஒரே இரும்புச் சட்டமாக இணைக்கும் வகைக்கு மாறினேன். இதில் டயரின் எடை கதவுத் தகட்டில் இறங்காமல் நேராகக் கீலுக்கும், அங்கிருந்து பாடியின் தூணுக்கும் போகிறது. மாட்டியபோது போட்ட புதுக் கோடு இன்னும் நகரவில்லை. நட்டுகளின் குறுக்கே பெயின்டால் இழுத்த கோடுகளும் அப்படியே இருக்கின்றன. முதல் கரடுமுரடான ஓட்டத்துக்குப் பிறகு முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச்சால் எல்லாவற்றையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்ததோடு சரி.

35 இன்ச், அதாவது 889 மி.மீ. டயர் என்றால் நான் இந்த வழிக்கே போகமாட்டேன். அந்த எடைக்குச் சேஸிஸிலிருந்து எழும், ஸ்டெப்னியைத் தாங்கித் திறக்க பியரிங் வைத்த தனிக் கையுள்ள பம்பர்தான் சரி. ஆனால் அந்த இரும்பின் எடையும் பின் ஆக்சிலுக்கு அப்பால்தான் தொங்கும். ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டி வரலாம். ஸ்டெப்னியை ரூஃப் கேரியரில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காத யோசனை. பக்கச் சரிவில் போகும்போது அவ்வளவு உயரத்தில் 39 கிலோ இருப்பது நல்லதல்ல. தனியாளாக அங்கிருந்து இறக்குவதும் முதுகுக்குக் கேடு.

பின்கதவிலிருந்தே தனியாளாக இறக்கி ஏற்றிப் பழகினேன். இறக்குவது எளிது, ஏற்றுவதுதான் வேலை. கெட்டியான பலகையைச் சாய்த்து, டயரை அதில் உருட்டி ஏற்றி, தாங்கியின் மேல் வழியாகப் போட்ட ஸ்ட்ராப்பால் பிடித்துக்கொண்டு, ஸ்டட்டுகளில் பொருத்துகிறேன். இடுப்பை வளைத்துத் தூக்கவே வேண்டியதில்லை. வண்டி சரிவில் நின்றால் மட்டும் கவனம் தேவை. திறந்த கதவு இந்த எடையோடு தானாக வீசிச் சாத்தினால் கை நசுங்கிவிடும். கதவைத் திறந்த நிலையில் பூட்டி நிறுத்த ஒரு பின் (முளை) செருகும் ஏற்பாட்டைச் செய்த பிறகுதான் மலைப்பாதைக்கே எடுத்துப் போனேன்.

மேல் பிரேக் லைட்டைத்தான் டயர் இப்போது பாதி மறைக்கிறது. பின்னால் வருபவருக்கு அது தெரிய வேண்டும். ரிம்மின் நடுத்துளைக்கு வெளியே ஒரு வளைய விளக்கு மாட்டி, ரிவர்ஸ் கேமராவையும் அங்கேயே கொண்டுவர நினைத்திருக்கிறேன். கதவு திறக்கும்போது வயர் இழுபடாமல் கீல் பக்கம் ஒரு சுற்று தளர்வாக விட வேண்டும். அதற்கான ரப்பர் குழாயும் விளக்கும் வந்துவிட்டன. அடுத்து அந்த வேலைதான்.