பறக்கும் தட்டு இறங்கக் கூடாத ஊர்

பிரான்சின் தெற்கே, அவிஞோன் நகரிலிருந்து வடக்கு நோக்கிச் சிறிது தூரம் போனால் வைனுக்குப் பேர்போன ஷாத்தோநெஃப் து பாப் என்ற சின்ன ஊர் வருகிறது. ஊர் எல்லையைத் தாண்டித் திராட்சைத் தோட்டங்களுக்குள் நடந்தேன். பல இடங்களில் மண்ணே கண்ணில் படவில்லை. ரோன் நதி பல்லாயிரம் ஆண்டுகளாக உருட்டி வந்த கூழாங்கற்கள், சில தேங்காய் அளவுக்கு, நிலம் முழுவதும் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே, பந்தலோ கம்பியோ இல்லாமல் குட்டைப் புதராக நிற்கின்றன கிரெனாஷ் திராட்சைச் செடிகள். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும் கற்கள்தாம் பழத்தைப் பழுக்க வைக்கின்றன என்கிறார்கள்.

மேட்டில் ஏறினால் கோட்டை. 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் அவிஞோனில் இருந்தபோது இருபத்திரண்டாம் ஜான் கட்டியது. 1944இல் ஜெர்மன் படையினர் வெடிவைத்ததில் அதன் கோபுரத்தில் பாதி இடிந்தது; மிஞ்சியதில் கண்ணில் படுவது உயரமான சுவர்தான். அதன் அடியில் நின்றால் ஆற்றுக்கு அக்கரையில் ரோக்மோர் தெரிகிறது. 1860களில் அந்தப் பகுதியில்தான் அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி முதலில் தலைகாட்டியது. பிறகு ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது.

பூச்சிக்குப் பிறகு போலிகள். யார் யாரோ இந்த ஊர்ப் பெயரை ஒட்டி வைன் விற்றார்கள். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டிய, சட்டம் படித்த இவ்வூர்த் தோட்டக்காரர் பாரன் லெ ரோவா 1923இல் உழவர்களைத் திரட்டி விதிகள் வகுத்தார். எந்தத் திராட்சை, எவ்வளவு ஆல்கஹால் என்பதோடு, தைம், லாவெண்டர் என்ற வாசனைச் செடிகள் வளரும் வறண்ட நிலமே இந்தப் பெயருக்குத் தகுதியானது என்றார். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. அளவுகோல் இல்லாமலே நிலத்தை அளந்துவிடுகிறது. 1936இல் அரசும் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

விதி வகுத்துப் பழகிய ஊர், வானத்தையும் விட்டுவைக்கவில்லை. பிரான்சில் பறக்கும் தட்டுப் பேச்சு பரவிய 1954இல், இந்த ஊர் எல்லைக்குள் எந்தத் தட்டும் இறங்கக் கூடாது, இறங்கினால் பறிமுதல் என்று மேயர் ஆணையிட்டார். நல்ல விளம்பரம், சந்தேகமில்லை.

சரி, வைன்? முதலில் ஊற்றித் தந்தது கல் நிலத்தது. பழுத்த ஸ்ட்ராபெர்ரி, மிளகு, காய்ந்த மூலிகை வாசம். ஆனால் 15 சதவீத ஆல்கஹால், நடுப்பகலில் நெற்றியைப் பிடித்துக்கொண்டது. அடுத்தது மணல் நிலத்தது. நிறம் வெளிறியது, சுவை மென்மையானது, நாக்கில் வெகுநேரம் நின்றது. இவ்வட்டாரத்தில் மிக அதிக விலைக்குப் போகும் ஷாத்தோ ரயாஸ் தோட்டமும் பெரும்பாலும் மணல்தான். புகைப்படமெல்லாம் கல்லுக்கு, என் ஓட்டு மணலுக்கு. போகிறவர்கள் கடையில் இரண்டையும் கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள், பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் பல கடைகளை அடைத்துவிடுகிறார்கள்.