காமா இண்டர்ஃபெரானை நம்புவதற்கு முன்

தரமணியில் உள்ள எங்கள் ஆய்வகத்தில், காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ் செல்கள் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்க்கிறோம். அந்தச் செல்களை முடுக்கிவிடுவது காமா இண்டர்ஃபெரான். செல்லில் இதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளை பிசிஜி தடுப்பூசிக் கிருமிகூடப் படுக்கவைத்துவிடும். அவ்வளவு முக்கியமான புரதம்.

சோதனைக்காக இந்தப் புரதத்தை விலைக்கு வாங்குகிறோம். கொட்டேஷன், கமிட்டி, கையெழுத்து என்று வாங்கும் வேலை எல்லா இடத்திலும் போலத்தான். ஆர்டர் போடும்போது மனிதப் புரதமா, எலிப் புரதமா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். மனித காமா இண்டர்ஃபெரான் எலி செல்லில் வேலை செய்யாது.

மே மாத வெயிலில் பார்சல் வந்தது. ஜெல் பேக் முழுக்க உருகியிருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன். நல்லவேளை, உள்ளே இருந்தது உறைய வைத்து உலர்த்திய பொடி. அந்த நிலையில் கொஞ்ச நாள் அறை வெப்பத்தைத் தாங்கும். கரைத்த பிறகுதான் அது நோஞ்சான்.

பொடி மூடியில் ஒட்டியிருக்கலாம் என்பதால், திறக்கும் முன் குப்பியை சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றும் கருவி) ஒரு சுற்று விட்டேன். 100 மைக்ரோகிராமுக்கு 1 மில்லிலிட்டர் ஸ்டெரைல் தண்ணீர். "வோர்டெக்ஸ்ல வைக்காதடா, நுரை வந்தா புரதம் போச்சு" என்றார் சீனியர் அக்கா. வோர்டெக்ஸ் என்பது குழாயை வேகமாகக் குலுக்கும் கருவி. ஐஸில் வைத்து மெதுவாக உருட்டிக் கரைத்தேன். அப்புறம் 0.1 சதவீதம் ஆல்புமின் என்ற துணைப் புரதம் சேர்த்தேன், இல்லாவிட்டால் இவ்வளவு குறைந்த புரதம் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சின்னச் சின்ன அளவாகப் பிரித்து மைனஸ் 80-ல் வைத்தாயிற்று. உருக்கியதைத் திரும்ப உறைய வைப்பதில்லை.

எனக்கு உறுத்தியது வேறு விஷயம். இந்தப் புரதத்தை ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் தயாரிக்கிறார்கள். அந்த பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு துளி ஒட்டி வந்தாலும் மேக்ரோஃபேஜ் கிளர்ந்துவிடும். செல் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்10 என்ற சமிக்ஞைப் புரதம் கூடியதை எலைசாவில் (புரத அளவு பார்க்கும் சோதனை) பார்த்து இண்டர்ஃபெரானுக்குப் பெயர் கொடுத்தால், உண்மையில் அது எண்டோடாக்சின் செய்த வேலையாக இருக்கலாம். கம்பெனி சர்டிபிகேட்டில் எண்டோடாக்சின் அளவு குறைவு என்று போட்டிருந்தும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதனால் ஒரு பங்கை 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன். அந்தச் சூட்டில் இண்டர்ஃபெரான் செத்துப்போகும், எண்டோடாக்சின் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கூடவே டிஎச்பி-1 என்ற மனிதச் செல்களில் ஸ்டாட்1 பாஸ்பரேற்றத்தையும் பார்த்தேன். ஸ்டாட்1 செல்லுக்குள் செய்தி கடத்தும் புரதம், அதில் பாஸ்பேட் ஒட்டினால் அது விழித்துக்கொள்ளும். காமா இண்டர்ஃபெரான் கால் மணி, அரை மணியில் அதை எழுப்பிவிடும். எண்டோடாக்சின் முதலில் பீட்டா இண்டர்ஃபெரானைச் சுரக்க வைத்துத்தான் அங்கே வர முடியும், அதனால் தாமதமாகும்.

புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அரை மணிக்கே ஸ்டாட்1 பட்டை பளிச்சென்று இருந்தது. சூடாக்கிய பங்கில் ஒன்றுமில்லை. எலைசாவும் அதையே காட்டியது. மனசு நிறைந்த நாள் அது.

இப்போது நான் டோஸை நானோகிராமில் எழுதுவதில்லை, வீரியத்தை அளக்கும் யூனிட்டில் எழுதுகிறேன். ஒரு மில்லிகிராமுக்கு உள்ள வீரியம் லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறுகிறது. புது லாட் வந்தால் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்க்க பழைய லாட்டில் சில குழாய்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.