கோணமலைக்குப் போன பஸ்

1969 இல் க.பொ.த. சாதாரண தர வகுப்பில் இருந்தவர்களுக்கு இந்தப் பயணம் மறந்திருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு ஒரே நாளில் போய்வருவது என்றதும், பாதி வீடுகளில் "உது விசர் வேலை" என்றார்கள். தமிழ் மாஸ்டர் அசையவில்லை. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சிவப்பு பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். விடியப்புறம் மூன்று மணிக்கு இடியப்பப் பெட்டிகளோடு ஏறினோம். ஆனையிறவு வரை பஜனை, மாங்குளத்துக்குப் பிறகு பைலா. பின் சீற்றில் வாளியில் தாளம் போட்டவர் இன்று ரொறன்ரோவில் பெரிய கணக்காளர், பெயர் வேண்டாம்.

வவுனியாவில் தேத்தண்ணி. ஹொரவப்பொத்தானை வீதியில் யானை வரும் என்று கொண்டக்டர் வெருட்டினார். ஒரு மாடுகூட வரவில்லை.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். எல்லாம் பக்கத்துப் பக்கத்திலே, ஆழமும் பெரிதாக இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. எது கூடச் சூடு என்று பந்தயம் பிடித்து, வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டோம். பக்கத்தில் ஒரு குடும்பம் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்துகொண்டிருந்தது. மாஸ்டர் ஒரு பார்வை பார்த்தார், சத்தம் நின்றது.

திருகோணமலையில் பிறெட்றிக் கோட்டை வாசலில் மாஸ்டர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். மேலே கோணேசர் கோயிலில் பூசைக்கு நேரமாகிறது என்று நாங்கள் அவதிப்பட, அவர் இறங்கிச் சுவரடியில் நின்றுவிட்டார்.

"தம்பியள், கோயிலைப் பாருங்கோ."

"கோயில் மேலயல்லோ சேர்?"

"இஞ்சையும் இருக்கு."

வாசல் கல்லில் இணைக்கயல், அதாவது சோடி மீன், செதுக்கியிருந்தது. பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்து, புள்ளி ஒன்றும் இல்லை. விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினோம். "குள" வந்தது, பிறகு "பணியை", "பறங்". மிச்சத்தை அவரே சொன்னார்: முன்னே குளக்கோட்டன் மூட்டிய திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று. குளக்கோட்டன் என்பவன் இந்தக் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் அரசன். 1624 இல் சித்திரை வருடப்பிறப்பன்று போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்திருந்தோம். படித்தது பரீட்சைக்கு. கல்லில் கை வைத்தபோதுதான் கோபம் வந்தது.

உள்ளே புள்ளிமான்கள் எங்கள் கட்டுச்சோற்றை மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தன. மேலே கோயில் அப்போது புதிது. 1963 இல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. 1950 இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட விக்கிரகங்களை அங்கே கும்பிட்டோம். ஒளித்துவைத்தவர்கள் யாரோ, முந்நூறு வருடத்துக்கு மேல் நிலம் காட்டிக்கொடுக்கவில்லை. சம்பந்தர் பாடிய தலமென்று பதிகம் பாடவைத்தார்கள். எங்கள் சுருதிக்குச் சுவாமி பொறுத்தருளினார்.

கோயிலடியில் மலைப்பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டில் எட்டிப் பார்த்தால் நூறு மீற்றருக்கும் மேல் நேர் கீழே கடல். பிரான்சினா என்ற ஒல்லாந்துப் பெண் காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்து இங்கே குதித்தாள் என்று வழிகாட்டி உருக்கமாகச் சொன்னார். அவள் பெயரில் 1687 ஆம் ஆண்டுத் தூண் நிற்பது உண்மை. குதித்தது கதை என்பார்கள் ஆராய்ந்தவர்கள். எங்களுக்குக் கதைதான் பிடித்தது.

திரும்பும்போது முக்கால்வாசிப் பேர் நித்திரை. ஊர் சேர நடுச்சாமம் தாண்டிவிட்டது. கோட்டை வாசலில் எடுத்த குழுப்படம் யாரிடமாவது இருந்தால் மலர்க்குழுவுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். என்னுடையது 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டது.