கீதரோனைக் கடந்த இருவர்

தாவீதையும் இயேசுவையும் ஒப்பிடும்போது பெத்லகேம், ஆடு மேய்த்தல், கோலியாத் என்றே நம் பிரசங்கங்கள் சுற்றிவருகின்றன. எனக்கோ பைபிளின் 2 சாமுவேல் நூலில் 15 முதல் 19 வரையுள்ள அதிகாரங்கள்தான் முக்கியம்.

மகன் அப்சலோம் கலகம் செய்ய, அரசர் தாவீது எருசலேமை விட்டு ஓடி, நகருக்கு வெளியே உள்ள கீதரோன் ஆற்றைக் கடந்து, வெறுங்காலோடு அழுதுகொண்டே ஒலிவமலை ஏறுகிறார். கைதாகும் இரவில் இயேசு கடப்பதும் அதே கீதரோன்தான். தாவீதைக் கைவிட்ட ஆலோசகர் அகித்தோப்பேல் தூக்கிட்டுச் சாகிறார். மத்தேயுவின்படி, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் அப்படியே.

வழியில், முந்தைய அரசர் சவுலின் உறவினன் சீமேயி தாவீதைக் கல்லெறிந்து சபிக்கிறான். அவன் தலையைக் கொய்து வரட்டுமா என்று தாவீதின் படைவீரன் அபிசாய் துடிக்கிறான், தாவீது தடுக்கிறார். கைதாகும்போது சீடர் பேதுருவின் வாளை உறையில் போடச் சொன்ன இயேசுவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

ஆனால் 1 இராஜாக்கள் 2ஐயும் படியுங்கள். சாகும் தறுவாயில் தாவீது மகன் சாலொமோனிடம், 'சீமேயியைக் கொல்லமாட்டேன் என்று நான் ஆணையிட்டேன். நீ சும்மா விடாதே' என்கிற பொருளில் சொல்லிவிட்டுப் போகிறார். என்ன சாமர்த்தியம்! சிலுவையில் இயேசு வேண்டியதோ, லூக்கா எழுதியபடி, தம்மைக் கொல்கிறவர்களின் மன்னிப்புக்காக. தாவீதின் இந்தக் கடைசிச் சொல்லை மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை. அரசரின் பெயர் கெட்டுவிடும் என்ற தயக்கமோ என்னவோ.

அதற்காகத் தாவீதை வெறுக்கவும் முடியவில்லை. துரோகம் செய்த மகன் இறந்தபோது, உனக்குப் பதிலாக நான் செத்திருக்கக் கூடாதா என்று கதறியவர் அவர். வென்று திரும்பிய படையே வெட்கப்பட்டதுபோல் நகருக்குள் நுழைந்தது. அப்சலோமைக் குத்திய படைத்தளபதி யோவாபுக்குத்தான் அந்த அழுகை பொறுக்கவில்லை. அரசரை அதட்டி எழுப்பி, வாசலில் போய் உட்காரவைத்தார்.