தொலைபேசிக்குள் ஒரு திண்ணை

குஜராத்தியில் 'ஓட்லோ' என்றால் வாசல் திண்ணை. நீல் படேல், தபன் பாரிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் குஜராத்தின் சிறு விவசாயிகளுக்காக உருவாக்கிய தொலைபேசிச் சேவைக்கு 'அவாஜ் ஓட்லோ', அதாவது குரல் திண்ணை, என்று பெயர் வைத்தார்கள். சாதாரண பட்டன் போனில் கூப்பிட்டுக் கேள்வியைப் பேசிப் பதியலாம். அடுத்தவர் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் கேட்கலாம். 7 மாத முன்னோட்டத்தில் 51 விவசாயிகள் பயன்படுத்தினார்கள். மற்ற பகுதிகளும் இருந்தன, ஆனால் கூட்டம் கேள்வி-பதிலில்தான்.

அதற்கு முன் அவர்கள் செய்த ஒரு சோதனை 2009இல் வெளியானது. வாயால் சொல்லித் தேர்வு செய்வதா, எண்ணை அழுத்துவதா என்று 45 பேரிடம் பார்த்தார்கள். படிப்புக் குறைந்தவர்களுக்குப் பேச்சுதான் சுலபம் என்று நாம் நினைப்போம். வென்றது எண் அழுத்துவது. எட்டாம் வகுப்புக்குக் கீழே படித்தவர்களிடம் இந்த வித்தியாசம் கூடுதலாகவே தெரிந்தது. இன்று பேச்சறி மென்பொருள் எவ்வளவோ தேறிவிட்டது. இருந்தாலும், இரைச்சலான வயல்வெளிக்கு ஒன்று, இரண்டு, மூன்றே போதும் என்பேன்.

இப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவர்களுக்கு முதல் சிக்கல் காசு. கூப்பிடுபவருக்குச் செலவு வைக்கக் கூடாது என்றால் மிஸ்டு கால் ஒரு நல்ல வழி. சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய, ஊர் மக்களே போனில் செய்தி சொல்லும் சேவையான சிஜிநெட் ஸ்வராவும் அந்த வழியில் போனதுதான். ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் ஓடும் சர்வரில் அழைப்பை எடுக்காமல் துண்டித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, திருப்பி அழைக்கச் சொல்லும் 'கால் ஃபைல்' என்ற சிறு கோப்பை எழுத வேண்டும். அதை, சர்வர் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் அவுட்கோயிங் கோப்புறைக்குள்ளேயே வைத்து எழுதினால் பாதி எழுதும்போதே சர்வர் படித்துவிடும். வேறு இடத்தில் எழுதி முடித்து உள்ளே நகர்த்துங்கள். இரண்டு கோப்புறையும் ஒரே வட்டுப் பிரிவில் இருக்கட்டும். இன்னொன்று: உடனே திருப்பி அழைத்தால் லைன் பிஸியாகவே இருக்கும், ஏனென்றால் அவர் 'போச்சா, போகலையா' என்று மறுபடி அடித்துக்கொண்டிருப்பார். 20 விநாடி விட்டு அழையுங்கள். ஒரே எண்ணிலிருந்து வந்த ஐந்து மிஸ்டு காலுக்கு ஒரு அழைப்பு போதும்.

அடுத்து மெனு. 'கேள்வி கேட்க, ஒன்றை அழுத்துங்க' என்பதுதான் சரியான வரிசை. வேலை முன்னால், எண் பின்னால். தமிழ் தானாகவே அப்படித்தான் வரும். ஆங்கில மெனுவை வைத்து மொழிபெயர்த்தால்தான் எண் முன்னால் வந்து, வேலையைக் கேட்டு முடிப்பதற்குள் எண் மறந்துபோகிறது. அழுத்துவதற்காகப் போனைக் காதிலிருந்து எடுத்தவர் மறுபடி காதில் வைக்க ஒரு நொடியாவது ஆகும். அடுத்த வாக்கியத்தை அதற்குள் ஆரம்பித்துவிடாதீர்கள். டச் போனில் பேசும்போது எண்பலகை மறைந்திருக்கும், அதைத் திறக்கத் தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஹேஷ், ஸ்டார் இரண்டையும் தவிர்த்துவிடலாம்.

பதிவில் அடிக்கடி கெடுவது மௌனக் கணக்கு. மூன்று விநாடி சத்தமில்லை என்றால் நிறுத்து என்று வைத்தால், பூச்சியின் பெயரை யோசிக்கிறவர் பாதியில் அறுபடுவார். எட்டு விநாடி கொடுங்கள். பீப் ஒலிக்குப் பிறகும் 'ஹலோ, ஹலோ' என்று எதிர்க்குரலுக்குக் காத்திருப்பவர்களும் இருப்பார்கள், ஆகவே பீப்புக்கு முன் ஒரு மாதிரிக் கேள்வியைச் சொந்த ஊர்ப் பேச்சில் ஒலிக்கவிடுவது நல்லது. இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: சுருக்காத தொலைபேசித் தர ஒலி நிமிடத்துக்கு 480 கேபிதான்.

சர்வர் கெட்டால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்யலாம். பதிவுகளைக் கேட்டு வெளியிடும் ஆள் ஒரு வாரம் வரவில்லை என்றால் திண்ணை காலி. எழுத்தை மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளலாம், குரலை முழுசாகக் கேட்டே ஆக வேண்டும். சங்கீத் ஸ்வரா என்ற பாட்டுச் சேவையில் ஆதித்ய வசிஷ்டா குழு இந்த வேலையைக் கேட்பவர்களிடமே விட்டது. அவர்கள் அழுத்தும் வாக்குதான் வரிசையைத் தீர்மானித்தது. பாட்டுக்கு அது சரி. பூச்சிமருந்து அளவை வாக்குக்கு விட முடியாது.

பதில் சொல்வது யார் என்பதிலும் படேல் குழு ஒரு சோதனை செய்தது. ஒவ்வொரு குறிப்பும் விஞ்ஞானிகள் குரலிலும் பதிவானது, சக விவசாயிகள் குரலிலும் பதிவானது. நேரில் கேட்டால் விஞ்ஞானி சொல்வதுதான் வேண்டும் என்றார்கள்; மேலும் அறியக் கூடுதலாக அழைத்ததோ விவசாயி பேசிய குறிப்புக்குத்தான். எனவே நிபுணரிடம் அளவைச் சரிபார்த்துவிட்டு, அதைப் போட்டுப் பார்த்த விவசாயியையே பேசவையுங்கள். முதல் வரியில் அவர் பெயரும் ஊரும் வரட்டும்.